ஹாலில் விழுந்த பனி

"ஷூவைக் கழட்டாத நெல்டா, அப்படியே வா. ரெண்டு அங்குலந்தான் விழுந்திருக்கு."

"எங்க வீட்ல நாலு," என்றாள் எதிர்வீட்டு நெல்டா. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கவனிக்காதவள்போல் டார்லா சோபாமேல் கிடந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னாள்.

இண்டியானாவில் மில்ஃபோர்க் ஊரில் 2008 நவம்பர் முழுக்க வெளியே ஒரு பொட்டுப் பனி விழவில்லை. வீடுகளுக்குள்தான் விழுந்தது. முதலில் டார்லா ஷ்ராக்கின் ஹாலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, கூரைக்கு ஒரு முழம் கீழே ஆரம்பித்து டிவிமேலும் கல்யாண போட்டோமேலும் நிதானமாக இறங்கியது. அவள் கணவன் வெர்ன் நாளிதழை உதறிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் ஒன்பது வீடுகளில் பனி. ஹீட்டர் போடாத வீடுகளில் மட்டும்தான் விழுகிறது என்பதைத் தபால்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். மற்றவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

நவம்பர் கடைசி வாரத்தில் வரும் நன்றித் திருநாளுக்கு முன்னால் ஹீட்டரைத் தொடுவது அந்த ஊரில் எப்போதுமே கொஞ்சம் கௌரவக் குறைவுதான். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும் ஆண்கள், யார் வீட்டு ஹீட்டரின் புகைக்குழாயில் முதலில் வெள்ளைப் புகை வந்தது என்று வருடாவருடம் கேலி பேசுவார்கள். கட்டிலும் அடுப்பும் உள்ளே வைத்த சுற்றுலா வண்டிகளைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை அந்தச் செப்டம்பரில் மூடியபிறகு, கேலி போட்டியாயிற்று. சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். திருநாள் வியாழன் மதியம்வரை தாக்குப்பிடிப்பவனுக்குப் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று, இரும்புக்கடைக்காரர் உபயம். மாலை நேரங்களில் கார்கள் தெருவில் நத்தைபோல் ஊர்ந்து புகை தேடின. சோளம் வேகவைத்த ஆவியைப் பார்த்து ஒரு விதவையின் பெயரை அடித்துவிட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப எழுதினார்கள்.

பெண்கள் அவரவர் பங்குக்குச் சிக்கனம் செய்தார்கள். டார்லா ஒரே தேயிலைப் பையை மூன்று தடவை முக்கி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். அலுமினியத் தாளைக் கழுவி இஸ்திரி போட்டாள். வெர்னின் தலைமுடியை அவளே வெட்டியதில் இடதுபக்கம் ஒரு வாரம் பின்தங்கியே இருந்தது. பனி வந்ததும் அதற்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள்: குளிர்பெட்டியை அணைத்துவிட்டுப் பாலை சோபாவின் கைப்பிடியில் வைத்தார்கள். நெல்டாவின் கணவன் லாயல், நிலவறையில் தேங்கி உறைந்த தண்ணீரில் துளை போட்டுத் தூண்டிலுடன் உட்கார்ந்தான். இரண்டு மீன் கிடைத்தது. பெரியதல்ல.

இருபத்தாறு வருடம் அந்த வண்டிகளுக்கு ஹீட்டர் பொருத்தியவன் வெர்ன். அவன் கைபட்ட ஹீட்டர்கள் ஃப்ளோரிடா வரைக்கும் யார் யாரையோ சூடாக வைத்திருந்தன. இப்போது அவன் கையுறையும் கம்பளித் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியலில் மிச்சமிருப்பவர்களை எண்ணினான். கடைசி வாரத்தில் இரண்டே பேர்: அவனும் லாயலும்.

அந்த வாரம்தான், கணவன் டெரிக்குடன் இண்டியானாபொலிஸில் இருக்கும் மகள் கெய்லின் போன் செய்தாள். பிறந்து மூன்று மாதமான ஐவியைத் திருநாளுக்கு முதல்முறையாகக் கூட்டிவருகிறாள். "அம்மா, வீடு கதகதன்னு இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

"ஜூலை மாசம் மாதிரி இருக்குடி," என்றாள் டார்லா, புருவத்துப் பனியைத் துடைத்தபடி. போனை வைத்ததும் வெர்ன் பக்கம் திரும்பினாள். "கேட்டல்ல? இப்பவே இத்தனை தடவை கேக்கறா. உள்ள வந்து பாத்தா குழந்தையத் தூக்கிட்டு நேரா மாமியார் வீட்டுக்குப் போயிடுவா. ஹீட்டர் திருகைக் கொஞ்சம் திருப்பேன்."

"அவ புதன் வர்றா. வியாழன் மதியம் வரைக்கும் தாங்கினா தொடை நமக்கு."

"அந்தத் தொடையையா குழந்தைக்குப் போர்த்தப் போற?"

வெர்ன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். இந்த வருடம் அவன் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய ஒரே பொருள் அதுதான் என்று டார்லாவுக்கும் தெரியும். அதனால் ஹால் திருகை அவளும் தொடவில்லை; கோபத்தில் அன்று தேயிலைப் பையை நான்காவது தடவை முக்கினாள்.

புதன் மாலை கார் வந்து நின்றது. ஹீட்டர் இன்றைக்குத்தான் பழுதாயிற்று என்று சொல்லத் தயாராக டார்லா கதவைத் திறந்தாள். சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. கெய்லின் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஷூவையும் கழட்டவில்லை. குழந்தையை அம்மா கையில் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் துடைப்பம் இருக்கும் என்று யாரும் சொல்லாமலே எடுத்தாள். சோபாவை மேலிருந்து கீழாகத் தட்டி, மெத்தைகளைப் புரட்டி உலர்ந்த பக்கத்தை மேலே போட்டு, விளக்கின் கூம்பைச் சாய்த்து அதில் சேர்ந்திருந்ததைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். இந்தக் கைப்பழக்கம் வர மூன்று வாரமாகும் என்று டார்லாவுக்குத் தெரியும். அவளுக்கு அவ்வளவு ஆனது.

"உங்க வீட்ல எத்தனை அங்குலம்டி?"

"ஹால்ல நாலு." கெய்லின் காலடியில் கிடந்த பனியைப் பார்த்தாள். "தொட்டில் பக்கம் ஆறு. ஆகஸ்டுலயே டெரிக்கை வேலைய விட்டு நிறுத்திட்டாங்கம்மா."

வெர்ன் நாற்காலியிலிருந்து எழுந்தான். கணுக்கால்வரை பனியில் கால் புதைய நடந்து சுவரருகே போனான். எதிர்வீட்டில் லாயலின் ஜன்னல் திரை ஒரு விரல் அகலம் விலகியது. வெர்ன் அதைப் பார்த்தான்; பார்த்துக்கொண்டே வலது கையுறையைக் கழட்டிப் பையில் போட்டுவிட்டுத் திருகின்மேல் கையை வைத்தான். ஐவி பாட்டியின் கையிலிருந்து வாயைத் திறந்து, மேலிருந்து வந்த ஒரு துகளை நாக்கில் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் கெய்லின் அவன் முதுகைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை திரும்பிப் போறதாத்தான் சொன்னேன். டெரிக்குக்கு ஏதாவது கிடைக்கிற வரைக்கும் நாங்க இங்கயே இருந்துக்கட்டுமா?"