பூனைக் காது

சூளை வாயை அடைத்திருந்த செங்கற்களில் நாலைந்தை எடுத்துவிட்டுச் சூளைக்காரி குனிந்து உள்ளே பார்த்தாள். அடுக்கடுக்காக நிற்க வேண்டிய சட்டிகளும் பொம்மைகளும் ஒரே ஓட்டாஞ்சில்லுக் குவியலாகக் கிடந்தன. ஒரு பூச்சாடியின் கழுத்து மட்டும் முழுசாகத் தெரிந்தது.

ஊர்ப் பொதுக் கலைக்கூடம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அது பழைய தானியக் கிடங்குதான். முன்னறையில் படம் வரைவார்கள், நடு அறையில் மரவேலை, பின்கட்டில் மண்வேலை. வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து, "இது எங்க அத்தை செஞ்சதாக்கும்" என்று ஊரைக் கூட்டுவார்கள். இந்த வருஷக் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. சூளையைத் திறந்தது வியாழக்கிழமை.

பின்கட்டில் சூளைக்காரி வைத்ததுதான் சட்டம். செங்கல் சூளையில் இருபது வருஷம் நெருப்போடு மல்லுக்கட்டியவள். 'ஏழு நாள் காயாத மண் உள்ளே போகாது' என்று சுவரில் கரியால் எழுதிவைத்ததும் அவள்தான். மண் காய்ந்ததா என்று பார்க்க அவளிடம் ஒரே சோதனை, பொருளைத் தூக்கிக் கன்னத்தில் வைப்பாள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு நெருப்புக்குள் போனால் வெடிக்கும். கெஞ்சினாலும் சரி, கொஞ்சினாலும் சரி, சில்லென்ற பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கூடத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய கிண்ணமே ஒரு தடவை திரும்பிப் போயிருக்கிறது.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் ஒரு பூனை செய்தாள். எல்லாம் நாத்தனார் வாய் செய்த வேலை. "நீ அடுப்பெரிக்கத்தான்டி லாயக்கு, உனக்கெதுக்கு பொம்மையெல்லாம்?" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தாள். சூளைக்காரிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஒருவருக்கும் தெரியாமல், சுருண்டு படுத்த கொழுத்த பூனை ஒன்றைப் பிடித்தாள். நன்றாகவே வந்தது, காது இரண்டும் அவ்வளவு அழகு. உள்ளே குடைந்தால் வயிறு நெளிந்துவிடுமோ என்று பயந்து, காய நாளாகும் என்று தெரிந்தும் கெட்டியாகவே விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை சூளை ஏற்றும்போது அதற்கு மூன்று நாள் வயது. கன்னத்தில் வைத்தாள். சில்லென்றிருந்தது. காலைக் குளிர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடிவரிசையில் பின்னால் தள்ளி வைத்து, அதற்கு மேல் ஊரார் பொருளையெல்லாம் அடுக்கினாள்.

தீ மூட்டிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டப்' என்றது. காதில் விழாத மாதிரி விறகைத் தள்ளிக்கொண்டேயிருந்தாள்.

இப்போது சூளைக்குப் பொருள் கொடுத்த பதினோரு வீட்டுக்காரர்களும் தையல்காரியும் பின்கட்டில் கூடி நின்றார்கள். "எதுங்க வெடிச்சது?" என்று தபால்காரர் கேட்டார். எல்லார் கண்ணும் தையல்காரி பக்கம் போனது. அவள் ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவள் வைத்ததுதான் சூளையிலேயே பெரிய பொருள், செத்துப்போன புருஷனுடைய தலை. ஆறு மாதம், கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடித் தேடி அந்த முகத்தைக் கொண்டுவந்திருந்தாள். மேலேயிருந்து சரிந்ததில் அதுவும் நொறுங்கிப் போயிருந்தது.

"என்னுதுதான் வெடிச்சிருக்கும். அவ்ளோ பெருசா செஞ்சிருக்கக் கூடாது" என்றாள் தையல்காரி, தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்தத் தலை உள்ளே குடைந்து, அடியில் காற்றுத் துளை விட்டு, மூன்று வாரம் காய்ந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தவளுக்குத் தெரியாதா? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எதிரே நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சூளைக்காரி வாயைத் திறக்கவில்லை.

"இனிமே மண்வேலைக்குப் புது ஆளுங்களை யோசிச்சுத்தான் சேக்கணும்" என்றார் தபால்காரர், யாரையும் பார்க்காமல். தையல்காரி அதற்கும் தலையாட்டினாள்.

இரண்டு நாள் சூளைக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் கேட்டதற்குப் பல்வலி என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் தையல்காரி வாசலில் வந்து நின்றாள். நடந்து நடந்து முகம் வாடியிருந்தது.

"சில்லையெல்லாம் பொறுக்கி, யாருது யாருதுன்னு பிரிச்சேன் அக்கா. ஆளுக்கொரு பை தைச்சு, அதுல போட்டு, வீடு வீடா போய் குடுத்து மன்னிப்பு கேட்டேன். பதினோரு வீடு. சில பேர் உக்காரச் சொன்னாங்க. சில பேர் கதவையே முழுசா திறக்கலை." பொத்திய கையை விரித்தாள். "இது மட்டும் யாருதுன்னு தெரியலை. பூனைக் காது மாதிரி இருக்கு. எல்லாரும் எங்களுது இல்லைங்கறாங்க. நீங்கதானே அடுக்கினீங்க? யாருன்னு சொன்னா அவங்ககிட்டயும் கேட்டுட்டு வந்துடுவேன்."

ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை கொடுத்தது, பெயர் மறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் சூளைக்காரி வாயெடுத்தாள், அவள் ஒன்றும் புனிதவதி இல்லை. அந்தக் காதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"என்னுது" என்றாள்.

"ஐயோ, அக்கா!" தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதா? முதமுதல்ல செஞ்சதா? அதையும் நான் கெடுத்துட்டேனே. மன்னிச்சுடுங்க அக்கா."

அதைத்தான் சூளைக்காரியால் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டாள்.

"உன்னுது வெடிக்கலை. அது நல்லா காஞ்சிருந்துச்சு. என் பூனைதான் ஈரம். தெரிஞ்சேதான் வெச்சேன்."

தையல்காரி கையிலிருந்த காதைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"நான் வீடு வீடா போறது?"

"கேள்விப்பட்டேன்."

கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. "அவர் மூக்கு லேசா வலப்பக்கம் சாஞ்சிருக்கும். ஃபோட்டோல தெரியாது, என் விரலுக்குத்தான் தெரியும். நேத்து கொஞ்சம் மண்ணை எடுத்து செஞ்சு பாத்தேன். வரலை" என்றாள். காதை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சூளைக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். சுவர் ஆணியில் பூப்போட்ட பை ஒன்று தொங்கியது.

"வாடி. பாரு, என்னமா தைச்சிருக்கா! பாவம், அழுதுட்டா. போனா போகுதுன்னு மன்னிச்சுட்டேன்" என்றாள் நாத்தனார், பெரிய மனுஷி மாதிரி.

சூளைக்காரி ஒன்றுவிடாமல் சொன்னாள். நாத்தனார் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. அவதான் ஒத்துக்கிட்டாளே, எல்லாரும் விட்டுட்டாங்களே. நாளைக்குக் கண்காட்சி முடிஞ்சா அவளே மறந்துடுவா. நம்ம வீட்டு மானம் சந்தி சிரிக்கணுமா?"

இரண்டு நாளாகச் சூளைக்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் வார்த்தை மாறாமல் இதேதான். ஆணியிலிருந்து பையை எடுத்துச் சில்லுகளை மேஜைமேல் கொட்டினாள்.

"பை அவளோடது அண்ணி. திருப்பிக் குடுக்கணும்."

"எங்கடி போற?"

"பக்கத்து வீட்டுக்கு. இன்னும் பத்து வீடு இருக்கு."

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. பதினோரு பையையும் திருப்பி வாங்கிவிடலாம், ஊரார் முன்னால் தலைகுனிந்தும் நின்றுவிடலாம். அந்த மூக்கை எங்கே போய் வாங்குவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.