ஆளுக்கு இரண்டு பிடி

இதையெல்லாம் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். ஆனி கடைசியா, ஆடி முதல் வாரமா என்பதே தெளிவில்லை. முத்துசெல்வியைக் கேட்டால் அவள் "சாரல் விழுந்துக்கிட்டு இருந்துச்சு" என்று மட்டும் சொல்வாள்.

பாவூர்சத்திரத்துச் சின்ன வெங்காயக் கொட்டகையில் அப்போது என்னையும் சேர்த்து முப்பது பெண்கள் இருந்தோம். சருகை ஊதித் தள்ளி, அழுகலை ஒதுக்கி, வளைகுடாவுக்குப் போகும் தரத்தைத் தனியாகக் கூடையில் போட வேண்டும். கூடைகளில் அவரவர் பெயர் பெயிண்டால் எழுதியிருக்கும். ஒருத்தியின் பெயரில் சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கூடை நிறைந்துவிட்டால் அன்றைக்கு அவள் வேலைக்கு வந்தவள். வருகைப் பதிவு அவ்வளவுதான். அதை எழுதுகிறவள் முத்துசெல்வி.

தங்கபுஷ்பம் செவ்வாயும் வெள்ளியும் வரமாட்டாள். சிறுநீரகம் கெட்டுப்போய், தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கம்பெனி மூலம் வந்த ஈஎஸ்ஐ அட்டை இருந்ததால் செலவில்லை. வேலை போனால் அட்டையும் போகும். அதனால் அந்த இரண்டு நாளும், தன் கூடை நிறையும்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். சாயங்காலம் அவளுடைய பன்னிரண்டும் நிறைந்திருக்கும். காய்ச்சல், பிள்ளைப்பேறு, கோயில் கொடை, எதற்கு யார் நின்றாலும் இப்படித்தான். மேனேஜர் கிங்ஸ்லிக்கு இது தெரியும். எண்ணும்போது அவர் கூடைகளைப் பார்ப்பாரே தவிர முகங்களைப் பார்க்கமாட்டார்.

முதலாளியின் மகன் மணிகண்டபிரபு பொறுப்புக்கு வந்ததும் ஐந்தாண்டுத் திட்டம் போடுவதற்காகக் குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் முகாம் வைத்தான். கொட்டகையிலிருந்தும் ஒரு குரல் வேண்டுமாம். மேனேஜரோடு முத்துசெல்வியையும் வரச்சொன்னார்கள்.

"ஏட்டி, சீசன் நேரத்துல கம்பெனிச் செலவுல அருவிக் குளியலா? யோகம்தான்" என்றாள் தங்கபுஷ்பம்.

"மீட்டிங்குக்குப் போறேங்கா. குளிக்கவா போறேன்?"

"எண்ணெ தேச்சி விடுத ஆளுககிட்ட மட்டும் தலையக் குடுத்துராத. கழுத்தத் திருப்பி வச்சிருவானுவ. பொறவு மொதலாளி இந்தப் பக்கம் பேசுவாரு, நீ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் முத்துசெல்வி அவள் காதருகே குனிந்தாள். "ஒனக்கு அந்த ரெண்டு நாளும் முறையா லீவு கேக்கப் போறேங்கா. எத்தன நாளைக்கு இப்படி ஒளிச்சி ஒளிச்சிப் போவ?"

தங்கபுஷ்பம் வீங்கியிருந்த காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ரிசார்ட்டின் கூடத்துக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. வெளியே மலை இருந்தது, இல்லாமல் போனது, மறுபடி இருந்தது. மேகம் புல்வெளியில் இறங்கி நடந்துபோவது போலிருந்தது. மேசை கிடையாது. வட்டமாக நாற்காலிகள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும் என்று பயிற்சி நடத்த வந்த ஸ்வாதி சொன்னாள். மணிகண்டபிரபுவின் பாதங்களை முத்துசெல்வி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். குழந்தையின் பாதங்கள் போல வெளுத்திருந்தன.

"இங்க யாரும் மேல, கீழன்னு இல்ல. என்னை ஸ்வாதின்னே கூப்பிடுங்க" என்றாள் ஸ்வாதி.

"சரிங்க ஸ்வாதி மேடம்" என்றாள் முத்துசெல்வி. கிங்ஸ்லி இருமுவது போலச் சிரித்தார்.

முதல் நாள் முழுக்க அவளுக்குப் புரியாத வார்த்தைகள் மழைச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தன. மறுநாள் காலை ஸ்வாதி எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள். ஐந்து வருஷம் கழித்து நம் கம்பெனி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

முத்துசெல்வி பார்த்தாள். கொட்டகை கண்ணாடியால் ஆகியிருந்தது. வெங்காயச் சருகு இளஞ்சிவப்பாக மேலே மேலே பறந்தது. தங்கபுஷ்பம் வீக்கமில்லாத காலை நீட்டி உட்கார்ந்து யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள். கண்ணைத் திறக்க மனம் வரவில்லை.

"உங்க டீம்ல தலைமைப் பண்புன்னா என்ன? பயப்படாம சொல்லுங்க அக்கா" என்று எங்கிருந்தோ ஸ்வாதியின் குரல் கேட்டது.

அவள் சொன்னாள். ஆளுக்கு இரண்டு பிடி அள்ளிப் போடுவதைச் சொன்னாள். பெயர் சொல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்பதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். ஸ்வாதிக்குக் கண் கலங்கியிருந்தது. பச்சைச் சீட்டில் எழுதி, 'நம் பலங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இப்படி நிரப்புவீங்க?" என்று மணிகண்டபிரபு கேட்டான். குரலில் உண்மையான வியப்பு இருந்தது.

"மூணு பேரு. சில நாளு நாலு."

"அப்போ முப்பது பேர் வேலைய இருபத்தாறு பேரே முடிச்சிடறீங்க."

சாரல் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. முத்துசெல்வி செருப்பில்லாத காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"அப்படி இல்ல சார். அது... ஒருத்திக்கு ஒருத்தி..."

"சூப்பர் அக்கா. இதுதான் எனக்குத் தெரியணும்."

சாப்பாட்டுக்குப் பிறகு வந்தபோது பச்சைச் சீட்டு இடம் மாறி, 'உடனே செய்யவேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஸ்வாதி அந்தப் பக்கம் பார்க்காமல் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் வேனின் கடைசி இருக்கையில் கிங்ஸ்லி வந்து உட்கார்ந்தார். வேன் தென்காசியைத் தாண்டியது.

"நாலு வருஷமா நான் கண்ண மூடிக்கிட்டு எண்ணுனேன்மா" என்றார்.

"அவங்கதானே சார் பயப்படாம சொல்லுங்கன்னாங்க."

"ஆமா. நாமதான் பயந்திருக்கணும்."

ஆவணியில் கொட்டகைக்குக் கைரேகை எந்திரம் வந்தது. நான்கு பேரை நிறுத்தினார்கள். வருகை குறைந்தவர்கள் என்று எந்திரம் தந்த பட்டியலில் தங்கபுஷ்பம் முதல் பெயர். கிங்ஸ்லி ஓசூர்க் கிளைக்கு மாற்றலாகிப் போனார். ஸ்வாதி வருஷாவருஷம் வேறு வேறு கம்பெனிகளுக்காகக் குற்றாலம் வருகிறாள். மணிகண்டபிரபு உடன்குடிப் பக்கம் இன்னொரு கொட்டகை திறந்திருக்கிறான். முத்துசெல்விக்கு டீம் லீடர் என்று பெயர் கொடுத்தார்கள். மகள் கல்லூரியில் படிப்பதால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது காய்ச்சலென்று நின்றால், அன்றைக்கு வராதவளின் பெயர் எழுதிய கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

அட்டை போனபின் தங்கபுஷ்பம் வாரம் ஒரு தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். காலையில் பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறும்போது உட்கார இடம் இருப்பதில்லை. தென்காசிவரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகிறாள்.