கொட்டகையில் கொஞ்சம் இடம்

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி காலையில் கிணற்றடிக்கு வந்தாலே புருஷன் புராணம்தான். "ராத்திரி பூரா கையக் கால பரப்பிக்கிட்டுப் படுக்குது அந்த மனுஷன். தள்ளிப் படுய்யா, தள்ளிப் படுய்யான்னு சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்து வைத்தவள், அதையும் குறையாகச் சொல்கிறாளே என்று வாளியைத் தொம்மென்று கிணற்றில் விடுவேன். அந்த வார்த்தையை ஒரு தரமாவது சொல்ல எனக்கு எத்தனை ஆசை!

என் புருஷன் ஜான்-பத்திஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணமான மறு மாதமே கப்பலேறிவிட்டார். மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் நான் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டேன். அவர் லீவில் வருவது அபூர்வம். அவர் அனுப்பும் மரப்பெட்டிகள் மட்டும் தவறாமல் வரும். கம்பளி, பீங்கான் தட்டு, காபி அரைக்கும் மெஷின், இந்த ஊர் வெயிலுக்கு எதற்கென்றே தெரியாத கோட்டு. ஆள் வரவேண்டிய வீட்டுக்குச் சாமான் வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. எங்கள் படுக்கையறையில் பெட்டிகள் உத்திரம் வரை ஏறிவிட்டன. கட்டிலிலும் பாதி சாமான்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம், ரெத்ரேத் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவதாக எழுதியிருந்தார். இனிமேல் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருப்பார்! அந்த அறையில் ஒரு துரும்புகூட இருக்கக்கூடாது, எல்லாம் கொட்டகைக்குப் போகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கொட்டகை என்றால் தோட்டத்து மூலையில் விறகும் ஓட்டைக் குடமும் கிடந்த சின்ன ஓட்டுச் சாய்ப்பு. தச்சுவேலை செய்யும் கன்னியப்பன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எங்கம்மா அவ்ளோ சாமான் அடங்கும்?"

"மதில் வரைக்கும் இழுத்துக் கட்டிடுங்க. ஆனா தரையில ஒண்ணும் ஒக்காரக் கூடாது. எல்லாம் மேல ஏறணும்" என்றேன்.

கப்பலில் வந்த பெட்டிகளையே பிரித்து, அந்தப் பலகையில் சுவரோரம் தட்டுத் தட்டாக அடித்தார். கனமானது கீழ்த்தட்டில், எப்போதாவது எடுப்பது பரணில், ஏணியும் மண்வெட்டியும் சுவர் ஆணியில். எந்தத் தட்டில் என்ன என்று சாக்குக் கட்டியால் எழுதினேன். நடுவில் நடந்து போக வழி. எனக்கே பெருமையாக இருந்தது. காலியான அறையில் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு, இலவம்பஞ்சு அடைத்து இரண்டு தலையணை தைத்தேன்.

வந்தார். மீசை நரைத்திருந்தது. கட்டிலின் விளிம்பில் கையை உடம்போடு ஒட்டி, ஆணி அடித்தாற்போல் படுப்பார். எங்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் படுக்கலாம். இவரிடம் போய்த் தள்ளிப் படுங்க என்று எப்படிச் சொல்வது? காலையில் கண் சிவந்திருக்கும். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து மீன்குழம்பு சாப்பிட்டதும் ஆளைக் காணோம். தேடிப் போனால், கொட்டகையில் தட்டுகளுக்கு நடுவே அந்த ஒடுக்கமான வழியில் பாயை விரித்து, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காபி மெஷினையே தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

"ஏந்திருங்க! வூட்ல கட்டில் இல்லியா? இதுக்கா அந்த ரூம ஒழிச்சேன்?"

பதறி எழுந்து உட்கார்ந்தார். "கோச்சிக்காத ஜிஸ்லேன். பட்டாளத்துல தலைமாட்டுல ஒரு தட்டு, கால்மாட்டுல ஒரு பெட்டி, நடுவுல சின்னதா ஒரு கட்டிலு. அப்படியே பழகிட்டேன். அந்த ரூம்ல பக்கத்துல பூரா வெறும் எடமா தெரியுது. தூக்கம் வரல."

"வெறும் எடமா? அதுலதான நான் படுத்திருக்கேன்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும். கை கால் பட்டு நீ முழிச்சிக்குவியேன்னுதான் பொரண்டுகூடப் படுக்காம கெடக்கறேன். இன்னொருத்தர் பக்கத்துல எப்படித் தூங்கறதுன்னே எனக்கு மறந்துபோச்சு."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எனக்கு மட்டும் அது தெரியுமா என்ன?

மறுநாளே கன்னியப்பனைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்துக் கீழ்த்தட்டுகளைக் கழற்றச் சொன்னேன். "இப்பத்தானம்மா அடிச்சோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கம்பளியும் பீங்கானும் பழையபடி படுக்கையறைக் கட்டிலில் ஏறின. சாமானெல்லாம் வூட்ல, மனுஷங்க கொட்டாயில என்று அஞ்சலாட்சி கிணற்றடியில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும்.

அன்று மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு, என் தலையணையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முழுப் பாயையும் அடைத்துக்கொண்டு, கையைக் காலைப் பரப்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றேன்.

தூக்கத்திலேயே ஏதோ முனகிக்கொண்டு தள்ளிப் படுத்தார். எனக்குத் தாராளமாக இடம் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன்.