டோரீன் வீட்டுத் தடைப்பட்டியல்

யார் தீவிரவாதி என்பதை அரசாங்கங்கள் முடிவு செய்யும். அந்த ஆள் எங்கள் பேங்கில் கணக்கு வைத்திருக்கிறாரா என்பதை நான் முடிவு செய்வேன். ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் எனக்கொரு கம்ப்யூட்டர். ஐ.நா. பட்டியல், அமெரிக்கப் பட்டியல், நம் உள்துறைப் பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வாடிக்கையாளர் பெயர் எதனோடாவது ஒத்துப்போனால் அலர்ட் வரும். பாவம், பெரும்பாலும் வேறு யாரோ. சரிபார்த்து அலர்ட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

பட்டியலில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பெரும்பாடு. தடை போட்ட அரசிடமே போய் மனுக் கொடுக்க வேண்டும். இயக்கம் பெயரை மாற்றிக்கொண்டாலும் தடை விடாது. அதற்குக் காசோ இடமோ கொடுத்தவரும் மாட்டுவார். ஒரு நாட்டின் தீவிரவாதி பக்கத்து நாட்டில் விருந்தாளியாக இருப்பதும் உண்டு. ஆபீஸ் பயிற்சியில் இதையெல்லாம் சொன்னபோது எனக்கு எதுவும் புதிதாக இல்லை. நான் டோரீனின் மகள்.

மம்மியின் பட்டியலில் முதல் பெயர் லவினா ஆன்ட்டி. அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு மம்மி ஒரு தட்டு நிறைய சர்க்கரைப் பாகில் தோய்த்த கல்கலும் அச்சுமுறுக்கு மாதிரியான ரோஸ் குக்கியும் அடுக்கி, டாடியிடம் கொடுத்து அனுப்பினார். எங்கள் பக்கம் தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். தட்டு வெறுமையாக வந்தது. அன்று சாயங்காலமே தடை அமலுக்கு வந்தது.

சர்ச் பூசையில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் மம்மி லவினா ஆன்ட்டியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். டாடி ஒருமுறை அந்த வீட்டுக்கு ஏணி இரவல் கொடுத்துவிட்டு, பொருளுதவி செய்த குற்றத்துக்காக ஒரு வாரம் ரசம் சோறு சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, லவினா ஆன்ட்டியின் மகன் க்ளென்னைக் காதலிக்கும்வரை. அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று முடிவு செய்துவிட்டேன். மம்மியின் ஆசீர்வாதம் இல்லாமல் கோயிலில் நிற்கவும் எனக்கு மனசில்லை. அதை நினைத்து அழுதுகூட இருக்கிறேன்.

இந்த டிசம்பரில் துணிந்து விஷயத்தைச் சொன்னேன். மம்மி கல்கல் மாவை உருட்டுவதை நிறுத்தவில்லை. அவர்கள்தான் வந்து கேட்க வேண்டும் என்றார். க்ளென் தன் அம்மாவிடம் கேட்டான். அந்த வீட்டிலும் ஒரு பட்டியல் இருந்தது, அதில் முதல் பெயர் டோரீன். லவினா ஆன்ட்டி அன்று தட்டில் தேங்காய் பர்பி அடுக்கித்தான் திருப்பி அனுப்பினாராம். அடுத்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து தட்டே வரவில்லையாம்.

ஆபீஸில் இப்படி இரண்டு தகவல் முட்டிக்கொண்டால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, தகவல் யார் வழியாக வந்தது என்பது. இங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஆள்தான் நடந்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டில் பர்பி சமாச்சாரத்தைச் சொன்னேன். டாடி சப்பாத்தியை மெல்லுவதை நிறுத்தினார்.

மம்மி அவரையே பார்த்தார். "டென்சில்."

"அந்த வருஷம்தான் டோரி, டாக்டர் சுகர்னு சொன்னாரு. நீ வீட்ல ஒரு ஸ்வீட்டும் கண்ல காட்டல. திரும்பி வர்ற வழில ஏரிக்கரைல உக்காந்து ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்."

"மிச்சம்?"

"ஒண்ணொண்ணாத்தான் எடுத்தேன்."

அரசாங்கங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. சூழ்நிலை மாறிவிட்டது என்று அறிவிப்பு வரும், அவ்வளவுதான். மம்மியும் எழுந்து அதே தட்டை எடுத்தார், கல்கல் அடுக்கினார், துணி மூடினார்.

"நாளைக்கு நீயே கொண்டு போ. அந்தப் பையனையும் வரச் சொல்லு."

டாடியின் கை கல்கல் டப்பா பக்கம் போனது. மம்மி மூடியை அழுத்தினார். டாடியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

மறுநாள் நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சாயங்காலம் க்ளென் அதே தட்டோடு வந்தான். பழைய பர்பி போன கதையைக் கேட்ட லவினா ஆன்ட்டி மேல்துணியைத் தட்டைச் சுற்றி நூல் போட்டுத் தைத்து அனுப்பியிருந்தார். மம்மி எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் பிரித்தார். உள்ளே தேங்காய் பர்பி நிறைந்திருந்தது. மம்மி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார், கண் கலங்கியது. முதல் துண்டை க்ளென்னிடம் நீட்டி, "சாப்பிடுப்பா, நம்ம வீடுதான்" என்றார். தட்டு அடுத்து டாடியைத் தாண்டி என்னிடம் வந்தது.

மம்மி காபி போட உள்ளே போனதும், க்ளென் தன் துண்டை உடைத்து மேஜைக்கு அடியில் டாடியிடம் பாதியைக் கொடுத்தான். தடை செய்யப்பட்டவருக்குப் பொருளுதவி, அதுவும் வீட்டுக்குள் வந்த முதல் நாளே. நான் பார்த்துவிட்டேன். அலர்ட்டை மூடிவிட்டேன்.