அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

"பேர் இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது? அடுத்த ஆள்!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை வீசினார் பஞ்சாட்சரம். தி.நகரில் இருந்த அந்த வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் மூன்றாவது கவுண்ட்டர் கிளார்க். மணி நான்கு பத்து.

தாயம்மா நகரவில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். ஆற்றோர வீட்டை இடித்தபோது, சைதாப்பேட்டைக்குள்ளேயே கட்டும் குடியிருப்பில் வீடு உண்டு என்றார்கள். இன்று மாலை ஐந்துக்குள் கைரேகை வைக்காவிட்டால் அது வேறு ஆளுக்கு. அவளுக்கு ஊருக்கு வெளியே, மூன்று பஸ் மாறிப் போகும் தூரத்தில்.

"எம் பொண்ணு போன்ல பேர் கீது. உன் பொட்டில மட்டும் எப்டியா இல்லாம பூடும்?"

"போன்ல வர்றதுக்கு நான் பொறுப்பில்ல. என் ஸ்க்ரீன்ல இருக்கணும்."

மகள் நிலா போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். வரிசை எண் 188, தாயம்மா.

"அதே வெப்சைட்தான் சார். உங்க ஸ்க்ரீனைக் கொஞ்சம் திருப்புங்க."

"பப்ளிக்குக்குக் காட்டக் கூடாது."

பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. நிலா உள்ளே போய் நின்றாள். மானிட்டரின் நெற்றியில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய தாள்: 'அணைக்கக் கூடாது. ரிஃப்ரெஷ் செய்யக் கூடாது.' அதற்குக் கீழே பட்டியல். பாதிக் கட்டங்களில் கோடுகளே இல்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மேலே, தேதி மூன்று. மொத்தம் 171 பேர்.

அவள் போனில் தேதி பன்னிரண்டு. மொத்தம் 212.

உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை ஒன்றின் ஆன்லைன் பிரிவில் வேலை நிலாவுக்கு. பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 'புடவையே காணோம்' என்று சண்டைக்கு வருபவர்களைத் தினம் பார்ப்பவள்.

"சார், இது பழைய பக்கம். ஒம்பது நாளா இதை மூடவே இல்லையா?"

"மூடினா லாகவுட் ஆயிடும். மறுபடி உள்ள போக ஓ.டி.பி. பழைய ஆபீசர் விஜயராகவன் சார் போனுக்குப் போகும். அவர் மாத்தலாகி கோயம்புத்தூர்ல இருக்கார்."

"நம்பரை மாத்தலையா?"

"எழுதிப் போட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டா வள்ளுனு விழுறார். எனக்கெதுக்கு?"

"அவர் திட்டுவார்னு எங்க வீட்டை முழுங்கிட்டீங்களா?"

நிலாவின் விரல், ரிஃப்ரெஷ் செய்யும் எஃப் ஃபைவ் பட்டனில் விழுந்தது.

"ஐயோ! என்னம்மா பண்ணித் தொலைச்சே!"

பட்டியல் மறைந்தது. வெள்ளைத் திரை. பெயர், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. கேட்கும் மூன்று காலிக் கட்டங்கள். மணி நான்கு இருபத்தைந்து. பஞ்சாட்சரம் முதல் இரண்டை நிரப்பிவிட்டு விஜயராகவனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கட் செய்தார்கள். மறுபடி போட்டார். மறுபடி கட்.

நிலா அந்த நம்பரைப் பார்த்துத் தன் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். எடுத்தார் விஜயராகவன்.

"சார், நான் பஞ்சாட்சரம்…"

"யோவ், இந்த நம்பர்லயும் வந்துட்டியா?"

மகளுக்குப் பின்னாலேயே உள்ளே வந்திருந்த தாயம்மா போனைப் பிடுங்கினாள். "நைனா, அவன விடு. நான் தாயம்மா. உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துகீது. என் வூடே அதுலதான் கீது. படி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு, "ஏழு… நாலு… ஒண்ணு…"

பக்கம் திறந்தது. 212 பெயர்கள், கோடு கோடாய், பளிச்சென்று. 188இல் தாயம்மா.

உப்பில் தேய்ந்த அவள் விரலை இயந்திரம் இரண்டு முறை ஏற்க மறுத்தது. முந்தானையில் அழுத்தித் துடைத்து மூன்றாவது முறை வைத்தாள். பச்சை விளக்கு. மணி நான்கு நாற்பத்தெட்டு.

"அதான் முடிஞ்சுதே, கிளம்புங்க," என்றார் பஞ்சாட்சரம். குரல் தேறிவிட்டிருந்தது.

"இன்னா முடிஞ்சுது? மிச்சம் நாப்பது பேரு? காலைல தங்கபுஷ்பம் அழுதுகினே போனாளே, அவ பேரு கீதா பாரு."

அவர் பார்த்தார். 193.

"பெரும்பாக்கத்துல அக்கா வூட்ல கெடக்குறா. பறந்தா வருவா பத்து நிமிசத்துல? எழுது. தப்பு எங்க கம்ப்யூட்டர்ல, வந்தவங்க மேல இல்லன்னு எழுதி, நாப்பது பேரையும் போட்டு, கையெழுத்து வச்சிக் குடு."

"எழுதினா எனக்கு மெமோ வரும்மா!"

"உனுக்கு ஒரு தாளு வரும். அவளுக்கு வூடு பூடும். ரெண்டும் ஒண்ணாய்யா?"

சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் வந்தார். "அஞ்சாச்சு, பூட்டணும்."

"பூட்டிக்கோ," என்று காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் தாயம்மா. "நாங்க உள்ளதான் கீறோம்."

நிலா வெள்ளைத் தாளை மேஜையில் வைத்தாள். பஞ்சாட்சரம் வாட்ச்மேனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கடைசியில் பேனா மூடியைக் கழற்றினார்.