கழற்றிய கூடாரம்

தூத்துக்குடி கடற்கரையில் இருந்த அந்தச் சபையில் இதுவரை ஒருவரும் செத்ததில்லை. வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம். இந்த உடம்பே கூடாரம், நாமெல்லாம் வழிப்போக்கர் என்பது அங்கே பால்குடியிலிருந்தே பாடம். அதனால் யாருக்காவது உயிர் போனால், ‘கூடாரத்தைக் கழத்திட்டாரு’ என்பார்கள். ‘செத்தார்’ என்ற சொல் மாட்டுக்கும் கோழிக்கும்தான்.

செல்வினுடைய வீடு ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் இருந்தது. வெள்ளம் அதை முழுசாகக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தது. நிலைக்கதவை வேம்பார் பக்கம் வலையில் பார்த்தவர்கள் உண்டு. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்ததாம். அதன்பிறகு அவனும் மனைவி தங்கபாயும் சபை மைதானத்துச் சுவரோரம் நீலத் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். தங்கபாய்க்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரம் போட்டுத் திரிந்ததை நினைவுகூரும் கூடாரப் பண்டிகை வந்தது. சபைச் செயலாளர் கிளாட்வின் காலையிலேயே வந்து நின்றார்.

“ஏலே செல்வின், மேடை இங்கனதான் வருது. மத்தியானத்துக்குள்ள தார்ப்பாய எடுத்துரு.”

“இவள எங்க கொண்டுபோவ, அண்ணாச்சி? புரட்டிப் படுக்கப்போட்டாலே உசிரு போயிரும்போல இருக்கு.”

“நான் என்ன செய்ய? கமிட்டி முடிவு.”

செல்வினுக்கு வேண்டியது ஒன்றுதான். தங்கபாய் கண்ணை மூடுகிறவரை தலைக்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கயிற்றைத் தொட்டான், உள்ளே அவள் முனகினாள், விட்டுவிட்டான். மத்தியானம் கிளாட்வினிடமிருந்து போன் வந்தது. சாயங்காலம் வரைக்குமாவது தள்ளிப்போடலாம் என்று பொய் சொன்னான். பண்டிகையாயிற்றே என்று பண்டிகைச் சொல்லிலேயே சொன்னான்.

“கூடாரத்தக் கழத்தியாச்சு, அண்ணாச்சி.”

அந்தப் பக்கம் கிளாட்வினின் குரல் பஞ்சாகிவிட்டது.

“எப்பம்லே?”

“இப்பத்தான்.”

“ரொம்பக் கஷ்டமாப் போச்சோ?”

“கொஞ்சம் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. பெறவு லேசா வந்துட்டு.”

“ஆண்டவருக்குத் தோத்திரம். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத, எல்லாம் சபை பாத்துக்கிடும்.”

ஒரு தார்ப்பாய்க்கு இவ்வளவு இரக்கமா என்று செல்வின் யோசித்து முடிப்பதற்குள் பந்தல்காரன் டிக்சனின் வண்டி வந்துவிட்டது. இரும்புக் கம்பி, தகரம், நாற்காலி, ஐஸ் பெட்டி. காத்தாடிக்கு ஒரு வயர் இழுத்துக்கொள்ளட்டுமா என்று செல்வின் முன்பு கேட்டபோது மறுத்த சபைக் கோயிலிலிருந்து இப்போது தடித்த வயர் தானாக வந்தது. தார்ப்பாய்க்கு மேலேயே பந்தல் எழும்பியது. மாலையோடு கிளாட்வின் குனிந்து உள்ளே நுழைந்தபோது தங்கபாய் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, கழத்தியாச்சுன்னியே.”

“தார்ப்பாயத்தான் சொன்னேன், அண்ணாச்சி.”

“தார்ப்பாயும் அப்படியேதான இருக்கு.”

“ஆமா. அது பொய்.”

தங்கபாய் மாலையைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். “இவ்வளவும் எனக்கா? பெட்டி இப்பம் வேண்டாம். அந்தக் கரண்டுல ஒரு காத்தாடியப் போடுங்க.”

போட்டார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அழவா, எழவா என்று தெரியாமல் செருமினார்கள். டிக்சன் தலையைச் சொறிந்தபடி வந்தான். “பெறவு என்ன, அண்ணாச்சி, கழத்திரவா?”

எல்லாரும் தங்கபாயைப் பார்த்தார்கள். உயிரோடு கிடக்கிறவளுக்கு முன்னால் அந்த வார்த்தைக்கு ஆமென் சொல்லக் கிளாட்வினால் முடியவில்லை. கூட வந்திருந்த போதகராலும் முடியவில்லை. பந்தல் அப்படியே நின்றது. மேடை மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனது.

பண்டிகை முழுக்க ஒலிபெருக்கி, ‘நாம் கூடாரவாசிகள்’ என்று முழங்கியது. மாடிவீட்டுக்காரர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். தங்கபாய் சத்தம் வரும் திசையில் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

“ஏங்க, வனாந்தரத்துல ஆண்டவரும் கூடாரத்துலதான இருந்தாரு?”

“ஆமா.”

“ஜனங்க கெளம்புனா அவரும் சுருட்டிக்கிட்டுக் கூடவே நடந்தாரு என்ன? வசதியான இடம் பாத்து ஒக்காந்துக்கிடல.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அப்பம் அவரு இங்கனதான் இருப்பாரு. மேடையில இருக்க மாட்டாரு.”

செல்வின் காத்தாடியை அவள் முகத்துக்கு நேரே திருப்பிவைத்தான்.

கடைசி நாள் ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தபோது அவள் போனாள். பாட்டுச் சத்தத்தில் அவனுக்கும் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அடக்கம் குறைவில்லாமல் நடந்தது. பரலோகத்தில் கைவேலையில்லாத நித்திய வீடு அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று போதகர் சொன்னதை அவன் நம்பினான். அந்த வீட்டுக்குக் கமிட்டி கிடையாது.

திரும்பி வந்தபோது டிக்சன் யாரையும் கேட்காமலே கம்பிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“தார்ப்பாய் உங்களுதுதான, அண்ணாச்சி? விட்டுட்டுப் போறேன்.”

“அதயும் எடுத்துக்கோ. அவளுக்குன்னு கட்டுனது.”

“மழ வந்தா?”

“வந்தா நனையுதேன்.”

டிக்சன் தயங்கினான். செல்வின் குனிந்து முளைக்குச்சிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண் தட்டி, வண்டியில் போட்டான்.