மூன்று தலையணை

1

இந்தக் கதை என் அக்கா சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் என் பங்கு குறையும் என்று நினைத்தேன். அது இரண்டாவது பொய்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மார்பகப் புற்றுநோயோடு போராடும் அவள்—'

அடித்துவிட்டேன். அக்கா போராடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறாள்.

2

அவளுக்கு வந்தது வேகமாகப் பரவும் வகை. அந்தச் செல்களின் மேல் ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. மருந்து அதைத் தேடிப்போய்ப் பிடிக்கிறது.* மொத்தம் பதினெட்டுத் தவணை. இது பதினொன்றாவது.

* சிலருக்கு இதயத்தையும் தளர்த்திவிடும். (இதை அடிக்குறிப்பில் வைத்தது என் வசதிக்காக. அக்காவும் அங்கேதான் வைத்திருக்கிறாள்.)

3

கேள்விகளை முடிக்காமல் நர்ஸ் மருந்தைக் கலக்கச் சொல்வதில்லை.

"படுக்கும்போது எத்தனை தலையணை வைக்கிறீங்க?"

"ஒண்ணு."

மூன்று. (இதயம் தளர்ந்தால் தலையைத் தாழ்த்திப் படுக்க முடியாது. இரண்டு வைத்தும் அவளுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது என்னுடையது.)

நர்ஸ் ரத்த அழுத்தக் கருவி எடுக்கப் போனார்.

"சொல்லிடுக்கா."

"சொன்னா நிறுத்திடுவாங்க. அந்த இடைவெளியில அது திரும்ப வந்துட்டா?"

"கொஞ்ச நாள் நிறுத்தினா இதயம் பெரும்பாலும் தேறிடும், அப்புறம் தொடரலாம்னு டாக்டரே சொன்னாரே."

"பிரேக் பெரும்பாலும் பிடிக்கும்னா நீ அந்த வண்டியில ஏறுவியாடா?"

சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் சொல்லிவிடுகிறேன். தவணை நிற்கிறது, அக்கா என்னோடு பேசுவதில்லை. மற்றதில் வாயை மூடிக்கொள்கிறேன். மருந்து ஏறுகிறது, வீடு திரும்புகிறோம், மாடிப்படியில் அவள்—

(முடிக்கவில்லை.)

நர்ஸை நான் சரியாக எழுதவில்லை. முதல் பிரதியில் சுலபமாக ஏமாந்துபோனார். நடந்தது வேறு. மருந்தறைக்குச் சொல்ல போனை எடுத்தவர், எண்ணை அழுத்தாமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. வீட்ல ஒண்ணுதானா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்து நரம்பைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

5

நான் சொன்னதை எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

உங்கள் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது உங்களைத்தான். போனைக் கையில் பிடித்தபடி நர்ஸ் நிற்கிறார்.